மூன்றாம் தொட்டியின் மூச்சு

மூன்றாம் தொட்டியில் ஊறிய பீரைக் குடித்த முப்பத்தெட்டுப் பேரும் அந்த மழைக்காலத்திலிருந்து ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து ஒரே நேரத்தில் விட்டார்கள். அந்த வருஷம் பார்லி விலை ஏறியிருந்தது. பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் பூ கிடைக்காமல் சின்ன ஆலைகள் பல மூடிக்கொண்டன. பழைய லாரிப் பட்டறையை வாடகைக்குப் பிடித்து நடந்துவந்த அந்த ஆலை மட்டும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. நான்கு எஃகுத் தொட்டிகள், ஒரு கொதிகலன், முன்னால் எட்டு மேசை போட்ட கூடம், சுவரில் வரிசையாகப் பித்தளைக் குழாய்கள். பீர் காய்ச்சுகிறவளைத் தெருவில் எல்லோரும் பீர்க்காரி என்றார்கள். முதலில் கேலியாகச் சொன்னது, போகப்போக அதுவே பெயராகி நின்றுவிட்டது. அவள் புருஷன் முன்கூடத்தைப் பார்த்துக்கொண்டான். தனக்கு வாய் ஜாஸ்தி, அவளுக்கு மூக்கு ஜாஸ்தி என்று அவனே சொல்லிக்கொள்வான். மூட்டையைப் பிரித்த மாத்திரத்தில் எந்த மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, ஈரத்தில் நின்றது என்று அவள் முகர்ந்தே சொல்லிவிடுவாள்.

பீரைப் புளிக்கவைக்கக் கடையில் வாங்கும் ஈஸ்ட் எல்லா ஆலையிலும் ஒரே ருசியைத்தான் தருகிறது என்று அலுத்துப்போய், காற்றில் அலையும் ஈஸ்டைப் பிடித்துப் பார்க்க அவள் ஆசைப்பட்டாள். மால்ட்டை வேகவைத்து வடித்த இனிப்புச் சாற்றை அகலமான தட்டில் ஊற்றி, மாடியில் தங்கள் படுக்கையறை ஜன்னலோரம் திறந்து வைத்தாள். அந்த அறையில் தூங்கியவர்கள் அவளும், புருஷனும், வயிற்றில் இரண்டு மாதமாக இருந்ததும்தான். காலையில் தட்டில் நுரை கட்டியிருந்தது. அந்த நுரையை வளர்த்து மூன்றாம் தொட்டியில் விட்டாள். பாதி பீரைப் பீப்பாய்களில் இறக்கி விற்பனைக்கு வைத்துவிட்டு, மீதியை இன்னும் புளிக்கட்டும் என்று தொட்டியிலேயே விட்டுவைத்தாள். பிள்ளைத்தாய்ச்சி என்பதால் ருசி பார்க்கும் வேலை புருஷனுடையதாயிற்று. பழுத்த பேரிக்காய் வாசனை அடிக்கிறது என்று அவன் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு சொன்னான்.

முதலில் கவனித்தது அவள் நாத்தனார். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ், நோயாளியின் மார்பைப் பார்த்துப் பார்த்து மூச்சை எண்ணுவது கண்ணுக்குப் பழகிப்போனவள். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, பின்பக்கம் வந்து பீர்க்காரியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணி, வந்து பாருங்களேன். உங்க கூட்டம் மொத்தமும் ஒண்ணா மூச்சு விடுது."

"உனக்கு ரெண்டாவது கிளாஸ் அதிகம்."

"எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

பீர்க்காரி கதவருகில் நின்று பார்த்தாள். பஸ் டிரைவர், பல் டாக்டர், கண்ணாடிக் கடைக்காரர், யாரென்று தெரியாத நான்கைந்து பேர், குழாயடியில் தன் புருஷன், பக்கத்தில் நாத்தனார். எல்லார் தோளும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. அவளுக்குப் பின்னால், தொட்டியின் தலையிலிருந்து இறங்கிய ரப்பர் குழாய் ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கியிருந்தது. புளிக்கிற பீரின் வாயு அந்த வழியாகக் குமிழ் குமிழாக வெளியேறும். குமிழ் ஒன்று உடைகிறபோதெல்லாம் கூடத்தில் தோள்கள் இறங்கின. அந்த இடத்தில் சேராத மூச்சு அவளுடையது ஒன்றுதான்.

சந்தேகம் தீர ஒரு ஜாடி இனிப்புச் சாற்றைத் தொட்டியில் ஊற்றிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் குமிழ்கள் படபடவென்று வந்தன, கூடத்தில் எல்லோரும் மாடிப்படி ஓடி ஏறியவர்கள்போல் இரைத்தார்கள். டிரைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவள் அவசரமாகக் குளிர்நீரைத் திருப்பிவிட்டுத் தொட்டியை ஆறவைத்தாள். அதற்கப்புறம் மறைத்துப் பயனில்லை. மறுநாள் குடித்தவர்கள் அத்தனை பேரையும் வரவழைத்து விஷயத்தைச் சொன்னார்கள். முடிவில் அவள் புருஷன், "இதப் பத்தி வெளிய யாரும் மூச்சு விடக்கூடாது" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

பீப்பாயில் மிச்சம் இருந்ததைச் சாக்கடையில் கொட்டினார்கள். அதை நக்கிய தெரு நாய்கள் மூன்றும் அன்றுமுதல் அதே கணக்கில் மூச்சு விட்டபடி ஆலை வாசலிலேயே படுத்துக்கொண்டன. குடித்தவர்களில் ஒரு தையற்காரர் வேலை தேடிக் கடல் தாண்டிப் போனார். தூரம் ஒன்றும் செய்யவில்லை. தொட்டிக்குத் தினமும் ஊற்ற வேண்டிய சாறு அரைமணி தாமதமானால் அங்கிருந்து போன் வந்துவிடும். பெரிய டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்து நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். பீர்க்காரி தொட்டியின் பக்கத்தில் கட்டில் போட்டுக்கொண்டாள். சர்க்கரை தீர்ந்தால் குமிழ் நிற்கும், அதிகமானால் பொங்கும். தூக்கத்திலும் அவள் காது வாளியிலேயே இருந்தது. யாராவது இருமினால்கூட வாளியை எட்டிப் பார்த்தாள்.

அவள் பயத்துக்கு உருவம் கொடுத்தவர் சுகாதார ஆய்வாளர். நாய்கள் படுத்துக் கிடக்கும் இடத்தில் பீர் காய்ச்சுவதாக யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். நல்ல மனிதர்தான், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். குழாயைத் தொடாதீர்கள் என்று அவள் கெஞ்சியதைக் கேட்டுக்கொண்டே, "என்னம்மா, பீர் எங்கயாவது மூச்சு விடுமா?" என்று ரப்பர் குழாயைக் குனிந்து இரண்டு விரலால் மடக்கிப் பிடித்தார். கூடத்தில் கிளாஸ் ஒன்று விழுந்து உடைந்தது. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது புருஷன் மண்டியிட்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். வாசலில் நாய்கள் காலை உதைத்தன. எதிர்ச் சாரியில் கண்ணாடிக் கடைக்காரர் தன் கடைக் கண்ணாடியையே பிறாண்டிக்கொண்டிருந்தார். அவள் போட்ட கூச்சலில் ஆய்வாளர் விரலை விட்டார். குமிழ் வந்தது. அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஷூவை மறந்து வெறுங்காலோடு போனார்.

மாதங்கள் போயின. தொட்டியின் வாசனை மாறத் தொடங்கியது அவள் மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. பேரிக்காய் போய் ஈரச் சாக்கு வாசனை வந்தது. ஈஸ்டுக்கும் ஆயுசு உண்டு. தன்னைச் சுற்றித் தானே சேர்த்துவைத்த சாராயத்திலேயே அது செத்துக்கொண்டிருந்தது. பழைய பீரை இறக்கிப் புதுச் சாறு ஊற்றினாள், அது கொஞ்சநாள் தாங்கியது. வேறு தொட்டியின் ஈஸ்டைக் கொஞ்சம் கலந்து பார்த்தாள். அன்று முழுவதும் முப்பத்தெட்டுப் பேரும் புரையேறி இருமினார்கள், அதையும் கைவிட்டாள். அவளுக்கு அப்போது நிறைமாதம். புருஷன் கட்டிலில் வந்து உட்கார்ந்து அவள் வீங்கின காலைப் பிடித்துவிட்டான்.

"நான் இல்லாமப் போனா, கடைய எவனுக்கும் வித்துடாத."

"வாய மூடுங்க."

"மூடினாலும் அது விட மாட்டேங்குதே, மூக்கு வழியா இழுத்துக்குது."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது, அடுத்த குமிழுக்காகக் காத்திருந்தான். அந்த இடைவெளியில் அவன் கண் அவளைப் பார்த்த பார்வையை அவளால் எந்த ஜென்மத்திலும் மறக்க முடியாது.

மழை பிடித்த ஒரு மத்தியானம் குமிழ்கள் அடியோடு தளர்ந்தன. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. டிரைவர் பஸ்ஸைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வந்தார், பல் டாக்டர் கையுறையோடு வந்தார், மற்றவர்களும் வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். உதடுகள் நீலம் பூத்திருந்தன. பீர்க்காரி வெதுவெதுப்பான சாற்றை ஜாடியில் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். மூன்றாவது படியில் பனிக்குடம் உடைந்தது. ஜாடி கவிழ்ந்து சாறு தரையெல்லாம் ஓடியது.

நாத்தனார்தான் அவளை மால்ட் மூட்டைகள்மேல் படுக்கவைத்தாள். நாத்தனாருக்கே மூச்சு இல்லை. ஒரு குமிழ் வரும்போது ஒரு வார்த்தை சொல்லுவாள், பிறகு அடுத்த குமிழ்வரை கையால் மட்டும் பேசுவாள். "முக்குங்க..." என்றாள். நீண்ட இடைவெளி. "அண்ணி..." புருஷன் அவள் தலைமாட்டில் சரிந்து கிடந்தான், அவன் கை அவள் கையில் சில்லிட்டிருந்தது. வலியைவிட அந்தச் சில்லிப்புதான் அவளைக் கத்தவைத்தது. வாளியில் ஒரு பெரிய குமிழ் எழுந்து உடைந்தது. அதற்கப்புறம் தண்ணீர் அசையவில்லை.

குழந்தை அந்த நிசப்தத்தில்தான் பிறந்தது. பெண். அழவில்லை, அசையவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தபோதும் நாத்தனாரின் கைகள் வழக்கத்தை மறக்கவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்தன, முதுகைத் தேய்த்தன, உள்ளங்காலைச் சுண்டின. ஒன்றுமில்லை. கூடத்தில் யாரோ பெஞ்சிலிருந்து விழும் சத்தம் கேட்டது. பீர்க்காரி எழுந்து தன் பிள்ளையைப் பிடுங்கி, அந்தச் சின்ன வாய்மேல் தன் வாயை வைத்து ஊதினாள். தொட்டியின் பீரைத் தொடாத ஒரே மூச்சு. குழந்தை விலுக்கென்று உடம்பை முறுக்கி, காற்றை இழுத்தது. முப்பத்தெட்டு நெஞ்சுகளும் இழுத்தன. குழந்தை வீறிட்டது. அதோடு சேர்ந்து அங்கிருந்த முப்பத்தேழு பேரும், வாசலில் மூன்று நாய்களும், கடல் தாண்டி ஒரு தையல் மிஷினுக்குப் பின்னால் தையற்காரரும், ஒரே குரலாக வீறிட்டார்கள்.

மூன்றாம் தொட்டியைக் காலிசெய்து கழுவி வேறு பீர் போட்டார்கள், அது எல்லாப் பீரையும்போலச் சாதுவாகப் புளித்தது. பிறந்த குழந்தைக்கு மூச்சு வேகம். முதல் வருஷம் முழுக்க எல்லோரும் இரைத்துக்கொண்டே வேலை பார்த்தார்கள். அதற்கு விக்கல் வந்தால் பல் டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிடுவார். தெருவில் சிகரெட் நின்றது, குப்பை எரிப்பது நின்றது. பீரோடு கொறிக்க வைக்கும் வேர்க்கடலை, ஒன்று தரையில் உருண்டு பிள்ளை கைக்குப் போய்விடக்கூடாதென்று, கூடத்திலிருந்தே ஒழிந்தது. சளி பிடித்த வாரங்களில் அவர்கள் கூட்டமாக வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். திராட்சையை நறுக்கிக் கொடுத்தீங்களா, ஜன்னலைச் சாத்தினீங்களா, ஏன் ஓட விடுறீங்க என்று ஆளுக்கொரு பாட்டு. ஊரில் மற்றவளுக்கெல்லாம் ஒரு மாமியார், எனக்கு முப்பத்தெட்டு என்று பீர்க்காரி நாத்தனாரிடம் புலம்பினாள். ஆனால் அவர்கள் பயம் அவளுக்குப் புரிந்தது. அவள் பயம் அதைப்போல இரண்டு மடங்கு. பிள்ளையின் நெஞ்சைப் பார்ப்பாள், உடனே திரும்பிப் புருஷனின் நெஞ்சைப் பார்ப்பாள்.

ஆறு வயதில் அந்தப் பெண் நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கூடவே கூடாது என்றார் கண்ணாடிக் கடைக்காரர். டிரைவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"நாங்க சொல்றதுக்கு உரிமை இல்லதான். ஆனா பயமா இருக்கும்மா."

"எனக்கு இல்லையா?" என்றாள் பீர்க்காரி. "அவ அப்பாவும் உங்கள்ல ஒருத்தர்தானே. அதுக்காக அவள அலமாரியில வச்சுப் பூட்டவா? மூச்சு அவளோடது. நீங்க கூடப் போறீங்க, அவ்வளவுதான்."

புருஷன், "முன்கூட்டியே சொல்லிட்டுப் பண்ணச் சொல்லு" என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை காலை எல்லோருக்கும் தகவல் போயிருந்தது. டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி, "ஒரு நிமிஷம் பொறுத்துக்கோங்க" என்று பயணிகளிடம் சொல்லிவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். பல் டாக்டர் நோயாளியின் வாயிலிருந்து கருவியை எடுத்தார். புருஷன் பித்தளைக் குழாய்களை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான், நாய்கள் அவன்மேல் சாய்ந்துகொண்டன. நீச்சல் குளத்தின் கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி பீர்க்காரி நின்றாள். பெண் கன்னம் உப்ப மூச்சை இழுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் போனாள். தண்ணீர் அவள்மேல் மூடி மட்டமானது. கம்பியில் பீர்க்காரியின் விரல்கள் வெளுத்தன. அடியில் ஒரு சின்ன உருவம் கையை அளைந்துகொண்டிருந்தது, மேலே வருவதாகவே இல்லை.

பிறகு தலை வெளியே வந்தது. கண்ணில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போகட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

பீர்க்காரி சரியென்று தலையாட்டினாள்.

சனிக்கிழமை காலைகளில் அந்த வழித்தடத்தில் பஸ் இப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது. யாரும் குறை சொல்வதில்லை. சில பயணிகள், பீரே குடிக்காதவர்கள், டிரைவரோடு சேர்ந்து தாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.