கிளாவர் ஏழு

சட்டையில் பை இல்லை என்பது, பரசுராமனைக் குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் தெரியவந்தது. முந்தின நாள் காலை ஷிப்டில், கம்பெனி ஸ்டோர்ஸில் ஒரு பெட்டியை இறக்கிவைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கம்பெனி வேனிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். அவசரத்தில் கடைக்கு ஓடியவன் வாங்கி வந்தது பையில்லாத வெள்ளை ஜிப்பா.

"போற ஆளுக்குப் பையி இன்னாத்துக்கு? மேல சில்லற கேப்பானா?" என்றாள் பரசுராமனின் தங்கை ரத்னா. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தாலும் அவள் வாய் மட்டும் ஓயவில்லை.

"சீட்டுக்கட்டு வெக்கணும் அத்த. தசரதன் மாமா கொண்டாந்துகீறாரு. அப்பாவோடவே அனுப்பணும்னு ஆசப்படறாரு" என்றான் மகன் அண்ணாதுரை.

சுங்குவார்சத்திரத்தில் பரசுராமன் பெயரைச் சொன்னால் ஸ்டோர்ஸ் வேலை யாருக்கும் ஞாபகம் வராது, ரம்மிதான் வரும். எழுபத்தொன்றாம் வருஷம் மன்றத்தார் நடத்திய பொங்கல் போட்டியில் நாற்பது பேரை வீழ்த்திக் கோப்பை வாங்கியவர். துக்கம் கேட்க வந்தவர்கள்கூட அந்தக் கதையைச் சொல்லித்தான் மூக்கைச் சிந்தினார்கள். இறுதி ஆட்டத்தில் தோற்றவன் தசரதன். அந்த தசரதன்தான் இப்போது கொல்லைப்புறம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, மிச்சத் துணியை வெட்டி, ஜிப்பாவுக்குக் கையாலேயே பை தைத்துக்கொண்டிருந்தான். பஸ் ஸ்டாப்பில் தையல் கடை வைத்திருக்கிறவன்.

வாய்க்கரிசிக்கு அரிசி களைய வந்த கனகம் அவனைப் பார்த்ததும் கொல்லை வாசற்படியிலேயே நின்றாள். புருஷன் செத்ததிலிருந்து அவளுக்கு அழுகையைவிட அதிகமாக வந்துகொண்டிருந்தது வெட்கம். யாராவது "அவரு மாதிரி ஆட்டக்காரர் பொறந்துதான் வரணும்" என்று சொல்லும்போதெல்லாம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பார்த்தவர்கள் பாவம், தாங்கமாட்டாமல் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

அவளுக்குச் சீட்டு சொல்லிக்கொடுத்தவர் பரசுராமன்தான். கல்யாணமாகிப் பத்து வருஷம் சோறு போட்டவளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனுஷன், அந்தப் போட்டிக்கு முந்தின வருஷம் மட்டும், இரண்டாவது ஷிப்ட் வாரங்களில், பையன் பள்ளிக்கூடம் போனதும் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். ஆடுதன், டைமன், கிளாவர், இஸ்பேட் என்று நாலு ஜாதியையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். அடுத்தடுத்து மூன்று சீட்டு ஒரே ஜாதியில் சேர்ந்தால் ரம்மி, மூன்று ராஜா மாதிரி ஒரே சீட்டு சேர்ந்தால் செட். பதிமூன்றும் சேர்ந்துவிட்டால், மிஞ்சுகிற ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போட்டு டிக் அடித்து ஆட்டத்தை மூடலாம். அவள் முதன்முதலாக டிக் அடித்த அன்று, "அடியே, கில்லாடிடி நீ!" என்று முதுகில் தட்டினார். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த வாசனை வந்தும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அவள் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த மூன்று மாசம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்லுவாள்.

மூன்றாம் மாசம் முடிவில் அவர் விஷயத்துக்கு வந்தார்.

"ஞாயித்துக்கெழம பசங்க நம்ம வூட்டுக்கு ஆட வருவானுங்க. நீ டீ குடுக்கறப்ப அவனுங்க கையப் பாரு. எந்தச் சீட்டுக்குக் காத்துகினு கீறான்னு எனக்குத் தெரியணும்."

அதற்கும் பாடம் நடந்தது. டம்ளரை அவருக்கு இடது பக்கம் வைத்தால் கிளாவர், வலது பக்கம் வைத்தால் இஸ்பேட், முன்னால் வைத்தால் ஆடுதன், கையிலேயே கொடுத்தால் டைமன். எண்ணைப் பேச்சில் சொல்லிவிட வேண்டும். மன்றத்துக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்ததால் அந்தப் பொங்கலுக்கு இறுதி ஆட்டமும் இவர்கள் வீட்டிலேயே நடந்தது. கனகம் தசரதன் முதுகுப்பக்கமாகக் குனிந்து டீ வைத்தாள். பிறகு புருஷனின் இடது பக்கம் டம்ளரை வைத்து, "பால்காரன் இன்னிக்கி ஏழு மணிக்குத்தான் வந்தான்" என்றாள்.

கீழே எறிய ஓங்கிய கிளாவர் ஏழை அவர் மறுபடி கையில் செருகிக்கொண்டார். ஆட்டம் முடிகிற வரைக்கும் வெளியே விடவில்லை. கடைசியில் டிக் அடித்து மூடிய சீட்டும் அதேதான்.

அதோடு அடுப்படி ஆட்டமும் நின்றுபோனது. ஒருநாள் வாய்விட்டே கேட்டாள், ஒரு கை போடலாமா என்று. "பொம்பளைக்கு இன்னா சீட்டு?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

"அண்ணி, தண்ணி மொண்டுக்கோங்க" என்றான் தசரதன், நகர்ந்து வழிவிட்டபடி. நிமிரவில்லை. அவன் யாரிடமும் நிமிர்ந்து பேசமாட்டான். இதற்கும் காரணம் அந்த ஆட்டம்தான். ஒன்றுக்கும் ஆகாத அந்தக் கிளாவர் ஏழை ஏன் கையிலேயே வைத்திருந்தீர்கள் என்று அவன் கேட்டபோது, பரசுராமன் சிரித்துக்கொண்டே, "உன் கண்ணு காட்டிக் குடுத்துட்ச்சிடா. உன் மனசுல இருக்கறது அத்தினியும் கண்ணுல எழுதி ஒட்டிகீது" என்றார். அன்றைக்குக் கவிழ்ந்த கண். கடையில் அளவெடுக்கும்போது டேப்பை மட்டும் பார்ப்பான். போன வருஷம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், இந்த ஆள் முகத்தைப் பார்த்தே பேசவில்லை, எதையோ மறைக்கிறான் என்று பஜ்ஜியை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். இந்தக் கதையையும் பரசுராமன் வீட்டில் சொல்லிச் சிரித்தார். கனகத்துக்கு அன்று இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. இறங்காமல் என்ன பிரயோஜனம், வாயையும்தான் திறக்கவில்லை.

"ஒண்ணு சொல்லட்டா அண்ணி?" ஊசியை இழுத்துக்கொண்டே தசரதன் சொன்னான். "பதினோரு வருசமா அண்ணன்கிட்ட கேட்டுகினே இருந்தேன். எப்டிண்ணே ஆளப் பாத்தே கையக் கண்டுபுடிக்கறதுன்னு. அதுலாம் வரம்டான்னுட்டாரு. இனிமே யார கேக்கறது?"

வாசலில் மேளக்காரர்கள் வந்து இறங்கிய சத்தம் கேட்டது. பாடையில் பச்சை மட்டை பின்னி முடித்துவிட்டார்கள். இன்னும் அரைமணி நேரத்தில் தூக்கிவிடுவார்கள். அதற்கப்புறம் சொன்னால் அது செத்தவன் மேல் பழி போடுகிற பேச்சு. அவர் இந்த வீட்டில் கிடக்கிறபோதே சொல்லிவிட வேண்டும் என்று கனகத்துக்குத் தோன்றியது. அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"தம்பி, அன்னிக்கி உன் கையில ஆடுதன் மூணு, நாலு, அஞ்சு இருந்திச்சி."

அவன் ஊசி நின்றது.

"இஸ்பேட்ல ஒம்போது, பத்து, ஜாக்கி, ராணி. ராஜா மூணு. கிளாவர்ல ஆறும் எட்டும். நடுவுல ஏழு வந்தா நீ டிக்கு. நான் பாத்தேன். டீ குடுக்கறப்ப உன் பின்னால நின்னு பாத்தேன். பால்காரன் ஏழு மணிக்கு வந்தான்னு அவராண்ட சொன்னேனே, ஞாபகம் கீதா? அதான். உன் கண்ணு ஒண்ணும் சொல்லல தம்பி. நான்தான் சொன்னேன்."

கிணற்றடியில் காகம் ஒன்று கீழே சிந்தின அரிசியைக் கொத்திக்கொண்டிருந்தது. தசரதன் மடியில் கிடந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான், காறித் துப்புவான், எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுவான் என்று எதிர்பார்த்து அவள் நின்றாள். எதைச் செய்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"பன்னெண்டு சீட்டுதான் சொன்னீங்க" என்றான் அவன் கடைசியில். "பதிமூணாவது?"

"டைமன் ரெண்டு."

"ஆமா" என்றான். "டைமன் ரெண்டு."

பாக்கி இருந்த நாலு தையலையும் போட்டான். நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். பைக்குள் இரண்டு விரலை விட்டு இழுத்துப் பார்த்து, ஜிப்பாவை உதறி அவள் கையில் கொடுத்தான். கல்லின் மேலிருந்த சீட்டுக்கட்டை எடுத்துத் தன் மடியில் செருகிக்கொண்டான்.

உள்ளே பரசுராமனுக்கு ஜிப்பாவை மாட்டி, நெற்றியில் விபூதி பூசி, பாடைக்குத் தூக்கும் முன்பு அண்ணாதுரை சுற்றிலும் தேடினான்.

"மாமா, கட்டு எங்க? பையில வெக்கலயா?"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கனகத்தின் கையிலிருந்த அரிசி வழிந்து கீழே கொட்டியது. சொல்லட்டும், எல்லார் முன்னாலும் சொல்லட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"பையி சின்னதா பூட்ச்சிப்பா" என்றது தசரதனின் குரல். "அளவு தப்பா வெட்டிட்டேன். கட்டு புடிக்கல."

"நல்ல டெய்லருய்யா நீ!" என்று யாரோ சொல்ல, துக்க வீடு என்பதையும் மறந்து இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கனகம் கண்ணைத் திறந்தாள். தசரதன் அண்ணாதுரையின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

சங்கு ஊதினார்கள். ரத்னா அண்ணியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். கனகம் குனிந்து புருஷனின் வாயருகே அரிசியைப் போட்டாள். கண்ணெதிரே அவர் நெஞ்சின் மேல் அந்தப் பை இருந்தது. இரண்டு கட்டு வைக்கலாம், அவ்வளவு அகலம்.