சாவியில் எடுக்கும் வண்டி

வேலுத்தாய் சாவியைத் திருப்பினாள். பானெட்டுக்கு அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினாள். மறுபடியும் ‘டக்’.

“அக்கா, வண்டி கதவைத் தட்டுது. உள்ள யாரும் இல்ல போல,” என்றான் வினோ. மைதானத்தைச் சுற்றி நின்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள்.

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். சூரியநெல்லியில் ஜீப் உருளாமல் நிற்கிற சமதளம் என்றால் அது இந்தப் பள்ளிக்கூட மைதானம்தான். அதனால்தான் ஜீப் ஸ்டாண்டின் கமிட்டிக்காரர்கள் எல்லா வண்டியையும் இங்கே வரச் சொல்லியிருந்தார்கள்.

மற்ற இடமெல்லாம் சரிவு. ஸ்டாண்டில் வண்டியை மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுப்பார்கள். ஆள் ஏறியதும் கல்லை எடுத்தால் வண்டி தானாக உருளும். இரண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இந்த ஊரில் ஓட்டப் பழகுகிறவன் சாவிக்கு முன்னால் கல்லைத்தான் கற்றுக்கொள்கிறான். பழைய டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டியதில்லை. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பக்கம் சுடும் அல்லவா, அதே சங்கதிதான். காற்றை இறுக்கி அமுக்கினால் அது கொதிக்கும். கொதிக்கிற காற்றில் டீசலைப் பீய்ச்சினால் பற்றிக்கொள்ளும். எஞ்சினை யாராவது முதலில் சுற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். பேட்டரி சுற்றினாலும் சரி, மலை சுற்றினாலும் சரி, எஞ்சினுக்கு வித்தியாசம் தெரியாது.

மலை எப்போதும் கீழ்நோக்கியே இருக்கும் என்று நம்பியதுதான் தப்பு. போன மாதம் ஒரு வண்டி ஏற்றத்தில் அணைந்துபோனது. சாவியைத் திருப்பினால் எடுக்கவில்லை. ஆட்களோடு பின்பக்கமாக உருண்ட வண்டியை ஒரு யூகலிப்டஸ் மரம் தாங்கிக்கொண்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கமிட்டி அன்றைக்கே முடிவு செய்துவிட்டது: விடியல் ஓட்டம் ஓடுகிற ஒவ்வொரு வண்டியும் சமதளத்தில், சாவியில் எடுத்துக் காட்ட வேண்டும். எடுக்காத வண்டியின் டேர்ன், அதாவது வரிசையில் அதன் முறை, காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்குப் போகும்.

அந்த முதல் ஆள் வினோ.

விடியல் ஓட்டம் என்பது சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களைக் கொழுக்குமலைக்கு ஏற்றிப்போவது. அந்த வரிசையில் இருக்கும் ஒரே பெண் வேலுத்தாய். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வருஷக்கணக்காக ஓட்டி, கமிட்டியின் வாசலில் நின்று நின்று, போன வருஷம்தான் அந்த இடத்தை வாங்கினாள்.

“நான் ஒண்ணு சொல்லட்டுமாக்கா?” வினோ ஜீப்பின் கதவில் சாய்ந்தான். “நீங்க பழையபடி ஏலக்காட்டு ஓட்டத்துக்கே போயிருங்க. அங்க யாரு சாவி பாக்கப்போறா? ஏறுற பொம்பளைங்களே தள்ளிவிட்டுருவாங்க.”

“கதவுல சாயாத. பெயிண்ட் போயிரும்.”

“வண்டியே போயிருச்சு. பெயிண்டு இருந்து என்ன செய்ய?”

“போகல,” என்றாள் அவள். “கரண்டு எங்கயோ நிக்குது. எங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

கமிட்டித் தலைவர் சின்னையன் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். “ஏம்மா வேலுத்தாயி, உனக்குன்னு தனிச் சட்டம் போட முடியாது. ஃபேக்டரிச் சங்கு ஊதுற வரைக்கும் பாரு. அதுக்குள்ள சாவியில எடுத்தா உன் டேர்ன் உனக்கு.”

“சங்கு வரைக்கும் போதும்ணே.”

சொல்லிவிட்டாளே தவிர, எங்கே தொடங்குவது என்று அவளுக்கே தெளிவாக இல்லை. வியாழக்கிழமை வீட்டு வாசலில் முதன்முதலாகச் சாவியில் எடுத்துப் பார்த்தபோதே இதே ‘டக்’தான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் பேட்டரி என்றார்கள். வேறு பேட்டரியை மாட்டிப் பார்த்தாள், அதுவும் ‘டக்’. சரி, எஞ்சினை முதலில் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார்தான் என்றார்கள். கழற்றிப் பூப்பாறைக்குக் கொண்டுபோனாள். மெக்கானிக் மேஜைமேல் வைத்து நேராகப் பேட்டரியில் தொட்டான். மோட்டார் கையிலிருந்து துள்ளுகிற வேகத்தில் சுற்றியது. ஆக, பேட்டரி நல்லது, மோட்டாரும் நல்லது. இரண்டையும் வண்டியில் சேர்த்து வைத்தால் மட்டும் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கின்றன.

“இந்தாங்க, வந்து சாவியைப் பிடிங்க,” என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

அருண்பாண்டி தேயிலை ஃபேக்டரியில் உலர்த்தும் பிரிவில் வேலை செய்கிறவன். இன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தான். அவனுக்கு இந்த ஜீப்பின்மேல் தனிப் பெருமை. ஆயுத பூஜைக்கு முன்னால் ஒரு வாரம் வேலை முடிந்து வந்து வந்து, வண்டியை அடிமுதல் நுனிவரை சுரண்டி, கழுவி, பெயிண்ட் அடித்திருந்தான். மேலே பச்சை, அடிச்சட்டமான சேஸிஸ் முழுக்கக் கன்னங்கரேல். ஸ்டாண்டில் எல்லோரும் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவள் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். “இப்பத் திருப்புங்க.”

டக். விளக்கு இரண்டும் அப்படியே எரிந்தன, கொஞ்சம்கூட மங்கவில்லை.

வேலுத்தாய்க்கு உள்ளே ஏதோ விழித்துக்கொண்டது. செல்ஃப் மோட்டார் ஒரு பெருந்தீனிக்காரன். அது சாப்பிட உட்கார்ந்தால் பேட்டரியில் இருப்பதையெல்லாம் வாரிக்கொள்ளும். விளக்கு மங்கியே தீரும். விளக்கு மங்கவில்லை என்றால் அதன் இலையில் சோறே விழவில்லை என்று அர்த்தம்.

“ஏ தாயி,” என்று உள்ளிருந்து கையை உதறினான் அருண்பாண்டி. “இந்த ஸ்டாப் குமிழு சுடுது!”

எஞ்சினை அணைப்பதற்கு இழுக்கிற குமிழ் அது. அதிலிருந்து ஒரு கம்பி எஞ்சின்வரை போகும். வெறும் இழுப்புக் கம்பி. கரண்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் தொட்டுப் பார்த்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய டம்ளர் போல இருந்தது.

“அது ஏன் சுடணும்?” என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டாள்.

காலையில் கொழுந்து ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போகிற டிராக்டர் திரும்பி வந்தால்தான் மலைக்கு அடுத்த நடை. கரண்டும் அப்படித்தான். பேட்டரியிலிருந்து தடித்த வயர் வழியாக மோட்டாருக்குப் போனால் மட்டும் போதாது, திரும்பி வர வேண்டும். திரும்பும் வழிக்கு யாரும் தனியாக வயர் இழுப்பதில்லை. வண்டியின் இரும்புதான் பாதை. ஆனால் எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். ரப்பரில் கரண்டு போகாது. அதற்காகத்தான் எஞ்சினையும் சேஸிஸையும் இணைத்து, பின்னல் போல ஒரு செம்புப் பட்டையை முடுக்கியிருப்பார்கள். எர்த்துப் பட்டை என்பார்கள். அந்தப் பாலம் உடைந்தால் கரண்டு சும்மா இருக்காது; கிடைத்த ஒற்றையடிப் பாதையில் எல்லாம் நுழையும். இழுப்புக் கம்பியிலும் நுழையும். அந்த ஒல்லிக் கம்பி அவ்வளவு கூட்டத்தைத் தாங்காமல் சுடும்.

அவள் டாஷ்போர்டிலிருந்து டெஸ்ட் பல்பை எடுத்தாள். ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான். ஒரு வயரைப் பேட்டரியின் மைனஸில் வைத்தாள், இன்னொன்றை எஞ்சினின் இரும்பில் அழுத்தினாள்.

“மைனஸ்லயும் இரும்புலயும் வச்சா எப்படிக்கா எரியும்? ரெண்டும் ஒண்ணுதான?” என்றான் வினோ.

“ரெண்டும் ஒண்ணா இருந்தா எரியாது,” என்றாள் அவள். “திருப்புங்க.”

டக். எரியக் கூடாத அந்த பல்பு பளிச்சென்று எரிந்தது.

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். சின்னையன்கூடக் குடையில் சாய்ந்து குனிந்து பார்த்தார்.

“எர்த்து,” என்றாள் வேலுத்தாய். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி வண்டிக்கு அடியில் நுழைந்தாள்.

பட்டை அறுந்து தொங்கும் என்று நினைத்துப் போனவளுக்கு ஏமாற்றம். அது முழுசாக இருந்தது. இரண்டு முனையிலும் போல்ட் இருந்தது. ஸ்பேனரை வைத்துப் பார்த்தாள்; கல் போன்ற இறுக்கம். மல்லாந்து படுத்தபடி அதையே வெறித்தாள். எல்லாம் சரியாக இருக்கிற ஒன்றை எப்படிச் சரிசெய்வது?

“என்னக்கா, தூங்கிட்டீங்களா?” என்று மேலே வினோவின் குரல். “அண்ணே, சங்கு ஊதப்போவுது. என் வண்டியையாவது பாருங்க. எனக்கு ஏலக்காட்டு ஓட்டம் கிடக்கு.”

சின்னையன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். வினோ மைதானத்துக் கேட்டருகே சரிவில் நிறுத்தியிருந்த தன் ஜீப்பின் கல்லை எடுத்தான். வண்டி உருண்டு, உறுமி, ஒரு வட்டம் போட்டு வேலுத்தாயின் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எஞ்சினை அணைத்தான். எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினான்.

டக்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. வினோவுக்கும் புரியவில்லை. மறுபடி திருப்பினான். டக்.

“லேய் வினோ, உன் வீட்டுலயும் ஆள் இல்லையாடா?” என்று யாரோ கத்த, மைதானமே சிரிப்பில் அதிர்ந்தது.

வேலுத்தாய் சிரிக்கவில்லை. அடியிலிருந்தே கேட்டாள்: “சாவியில கடைசியா எப்ப எடுத்த?”

“சாவியில எவன்க்கா எடுக்கான்? கல்லைத் தட்டுனா போவுது…”

“ஸ்டாப் குமிழைத் தொட்டுப் பாரு.”

தொட்டான். “சுடுது,” என்றான். குரலில் சிரிப்பு இல்லை.

ஒரு வண்டி நோயாளி என்றால் அது அதன் விதி. இரண்டு வண்டிக்கு ஒரே நோய் என்றால் இரண்டும் ஒரே கிணற்றில் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். பேட்டரி வேறு, மோட்டார் வேறு, வாங்கிய ஊர் வேறு. ஓட்டுகிற ஆளும் வேறு. ஒருவருக்கொருவர் ஆகவே ஆகாது. அவள் தலையைத் திருப்பி வினோ வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கன்னங்கரேல். சொட்டு விடாத, ஒழுகாத, அழகான கறுப்பு. அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

“ஏங்க,” என்று கூப்பிட்டாள். “பூஜைக்கு வினோ வண்டிக்கும் நீங்களா பெயிண்ட் அடிச்சீங்க?”

“ஆமா. கேட்டான், அடிச்சுக் கொடுத்தேன். ஏன்?”

“இந்தப் பட்டையைக் கழட்டுனீங்களா?”

“கழட்டாம? ஒரே துரு. கழட்டி, தேச்சு, அதுக்கு அடியிலயும் ரெண்டு கோட்டு அடிச்சு, காஞ்ச பிறகு இறுக்கி மாட்டினேன். ஒரு இடம் விட்டேன்னு எவனாவது சொல்லட்டும்!”

வேலுத்தாய் வண்டிக்கு அடியில் படுத்தபடியே கண்ணை மூடித் திறந்தாள். துருவும் அழுக்குமாக இருந்த காலத்தில் அந்தப் பட்டை இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இப்போது தொடுவது பெயிண்டை. தண்ணீரை உள்ளே விடாத பெயிண்ட், கரண்டையும் விடவில்லை. போல்டை எவ்வளவு முடுக்கினாலும் நடுவில் அந்தக் கறுப்புத் தோல் இருக்கத்தானே செய்யும்? விளக்குக்கெல்லாம் பாதை வேறு. அதனால் அவை எரிந்தன. எஞ்சினோ மலை தயவில் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் கல்லைத் தட்டித் தட்டி இந்தக் கோளாறை இவ்வளவு நாள் எல்லோரும் சேர்ந்து மூடி வைத்திருந்தார்கள்.

“ஹேக்ஸா பிளேடு குடுங்க.”

“எதுக்கு?”

“உங்க பெயிண்டைச் சுரண்ட.”

அருண்பாண்டி பிளேடை நீட்டியபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “கொஞ்சமாச் சுரண்டு தாயி,” என்றான்.

போல்டைக் கழற்றினாள். பட்டையை விலக்கினாள். சேஸிஸில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, இரும்பு வெள்ளையாகப் பல்லைக் காட்டுகிற வரைக்கும் சுரண்டினாள். கறுப்புத் தூள் கண்ணில் விழுந்தது. எஞ்சின் பக்கத்து முனைக்கு வந்து பாதி சுரண்டியிருப்பாள், ஃபேக்டரிச் சங்கு ஊத ஆரம்பித்தது.

“முடிஞ்சுது!” என்றான் வினோ.

அவள் பட்டையை வைத்துப் போல்டைக் கையாலேயே சுற்றி, ஸ்பேனரில் கடைசியாக ஒரு முடுக்கு முடுக்கினாள். வெளியே உருண்டு வந்து, இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்க்கக்கூட நிற்காமல் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

சங்கின் ஊளை எல்லாவற்றையும் மூடியிருந்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது அவளுக்கு மட்டும் கால் வழியாகத் தெரிந்தது. சங்கு ஓய்ந்தது. ஜீப்பின் சத்தம் ஓயவில்லை.

“செல்லாதுண்ணே!” வினோ பாய்ந்து வந்தான். “சங்கு ஊதுற வரைக்கும்னுதான சொன்னீங்க? ஊத ஆரம்பிச்சாச்சே!”

“ஃபேக்டரியில நீ வேலை பாத்திருக்கியால?” என்று கேட்டார் சின்னையன்.

“இல்ல.”

“நான் பாத்திருக்கேன். சங்கு ஓயறதுக்குள்ள கேட்டைத் தாண்டினவனுக்கு ஹாஜர் உண்டு. எங்கப்பன் காலத்துலயும் அதுதான், இப்பவும் அதுதான். ஓயறதுக்குள்ள எடுத்துருச்சு. டேர்ன் அவளுது.”

“சத்தத்துல யாருக்குண்ணே கேட்டுச்சு?”

“கேக்கலையா?” என்றாள் வேலுத்தாய். எஞ்சினை அணைத்தாள். மைதானம் அமைதியானதும் சாவியைத் திருப்பினாள், எடுத்தது. மறுபடி அணைத்தாள், மறுபடி எடுத்தாள். “இப்பக் கேட்டுச்சா? இன்னும் வேணுமா?”

“போதும், போதும்,” என்று வினோவே சொன்னான். பிறகு தன் வண்டியைப் பார்த்தான். சமதளத்தின் நடுவில் அது அசையாமல் நின்றது. எடுக்கக் கல்லும் இல்லை, உருளச் சரிவும் இல்லை. “அக்கா… அந்த பிளேடு.”

“விடியல் டேர்ன் யாருது?”

“உங்களுதுதான்க்கா.”

“கதவுகிட்ட நின்னு என்னமோ சத்தமாச் சொன்னியே, அந்தக் குரல் எங்க?”

“உங்களுதுதான்க்கா!” என்று அவன் கத்தியதும் அருண்பாண்டியே சிரித்துவிட்டான்.

பிளேடை அவன் கையில் கொடுத்தாள். “ரெண்டு முனையும் சுரண்டு. இவர்கிட்டக் குடுத்துராத. மனசு வராது.”

ஸ்டாண்டில் மற்ற வண்டிகள் வழக்கம் போல மூக்கு கீழே பார்க்க, சக்கரத்துக்குக் கல் கொடுத்து வரிசையாக நின்றன. வேலுத்தாய் தன் இடத்துக்குப் போய், வண்டியைத் திருப்பி, ஏற்றத்தைப் பார்க்க நிறுத்தினாள். கைபிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தாள்.

“அக்கா, மாத்தி நிறுத்திருக்கீங்க,” என்றான் பக்கத்து வண்டிக்காரன்.

“தெரியும்,” என்றாள் அவள். இத்தனை நாளும் தன் சக்கரத்துக்குக் கொடுத்துவந்த கல்லைக் காலால் ஓடைப் பக்கம் தள்ளிவிட்டு, டீக்கடைக்கு நடந்தாள்.