நான்கு கோல் உயரம்

றெஜினாவின் பியருக்கு ஆளை மேலே தூக்கும் குணம் இருப்பது முதல் இரண்டு வருடங்கள் யாருக்கும் தெரியாமல் போனது. அந்த இரண்டு வருடமும் மோர்னிங்சைட் உதைபந்தாட்டக் கழகம் ஒரு கோல்கூட அடிக்கவில்லை என்பதுதான் காரணம். கார் திருத்தும் கடைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த ஒரு யூனிற்றில், தோடம்பழத் தோலும் கொத்தமல்லியும் போட்டு அவள் காய்ச்சிய பியரைக் குடித்தபடி, ரசிகர்கள் தங்கள் கழகம் தோற்பதைப் போனில் பார்த்தார்கள். பார்த்து முடித்து, நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

மூன்றாம் வருடம் கஜீவன் என்ற முன்னணி ஆட்டக்காரன் வந்து சேர்ந்தான். அவனுடைய முதல் கோல் விழுந்தபோது யூனிற்றில் இருந்தவர்கள் கிளாஸும் கையுமாக எழும்பிப்போய்க் கூரையில் முட்டினார்கள். றெஜினா மின்விசிறியை நிறுத்தினாள். சற்று நேரத்தில் எதிரணி ஒரு கோல் அடிக்க, எல்லோரும் இறங்கி, விட்ட இடத்திலிருந்து குடித்தார்கள். அடித்த கையோடு ஒன்று வாங்கிக்கொள்வது கழகத்தின் வழக்கம் என்பதால் பிறகும் இறங்குவதில் சிரமம் இருக்கவில்லை. வேறு அணிகளின் ஆட்கள் எவ்வளவு குடித்தாலும் தரையிலேயே நின்றார்கள். கூரை இல்லாவிட்டால் எவ்வளவு உயரம் போகும் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

இதையெல்லாம் கேள்விப்பட்டும் யூனிற் பக்கம் வராதவர் அகஸ்ரின், கழகத்தின் பயிற்சியாளர், றெஜினாவின் சொந்த அண்ணன். வங்கி வேலையை உதறிவிட்டு அவள் பியர் காய்ச்சப் போன நாளிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. கல்யாண வீடுகளில் இருவரும் வேறு வேறு மேசைகளில் இருந்து சாப்பிட்டார்கள். ஆனால் அவருடைய கழகம் விளையாடிய ஓர் ஆட்டத்தையும் அவள் தவறவிட்டதில்லை.

அடுத்த கோடையில் கழகம், வரலாற்றில் முதல் தடவையாக, இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிரணி, வடக்கே பக்கத்து நகரமான மார்க்கம். மைதானத்தின் ஓரத்தில் வேலி அடைத்துப் பியர் விற்க ஒழுங்கமைப்பாளர்கள் றெஜினாவைக் கூப்பிட்டார்கள். தான் ஊற்றுவதை முதலில் தான் குடித்துப் பார்ப்பது அவள் பழக்கம், அன்றும் குடித்தாள். கஜீவனின் முதல் கோலில் வேலிக்குள் நின்ற கழகத்தின் சனம் முழுவதும் கோல் கம்பத்துக்கு மேலே போனது. இரண்டாவதில் விளக்குக் கம்பங்களுக்கு மேலே. மூன்றாவதில் மேப்பிள் மரங்கள் காலுக்குக் கீழே தெரிந்தன. அன்றைக்கென்று பார்த்துக் கோல் காப்பாளன் ஜெனாட் எந்தப் பந்தையும் விடவில்லை.

இடைவேளையில் அகஸ்ரின் நிமிர்ந்து பார்த்தார். கூட்டத்துக்குள் தங்கச்சியின் சிவப்புச் சட்டை தெரிந்தது. அவர் போனை எடுத்தார். மேலே அவளுடைய பொக்கற்றில் மணி அடித்தது.

"எங்க நிக்கிறாய்?"

"மேல, அண்ணை."

"பயமாக் கிடக்கோ?"

"குளிருது. வேற ஒண்டுமில்லை."

அவர் ஜெனாட் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஜெனாட்டிட்ட மூண்டு கோல் விடச் சொல்லப்போறன். நீ இறங்கி வா. கப் அடுத்த வருசம் பாப்பம்."

அந்தக் கப்புக்காக அவர் எத்தனை வேலைகளில் சனிக்கிழமை ஷிஃப்றை வேண்டாமென்று விட்டிருக்கிறார் என்பது றெஜினாவுக்குத் தெரியும். பக்கத்தில் செருப்புகளைக் கையில் பிடித்தபடி மிதந்த யோகராணி அன்ரி, விடவேண்டாம் என்று தலையை ஆட்டினார். பின்னால் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

"ஒண்டும் விடாதேங்கோ. இஞ்ச ஒருத்தருக்கும் இறங்க விருப்பமில்லை. வெல்லுங்கோ அண்ணை. வெண்டிட்டு வந்து எங்களைப் பொறுக்குங்கோ."

நாலுக்குப் பூச்சியத்தில் கழகம் வென்றது. கப்பைத் தூக்குகிற நேரத்தில் ஏரிக் காற்று ரசிகர்களை வடக்கே கொண்டுபோகத் தொடங்கியிருந்தது. ஆட்டக்காரர்கள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கார்களில் ஏறி, ஆளுக்கு நாலுபேராகப் பிரித்துக்கொண்டு பின்னால் போனார்கள். அகஸ்ரின் கப்பை ஜெனாட்டிடம் கொடுத்துவிட்டுத் தன் வான் வண்டியை எடுத்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. இடதுபக்கம் றோட்டு வெட்டுகிறார்கள், நேரே போங்கள் என்று அவள் மேலிருந்து வழி சொன்னாள். சிவப்பு விளக்கில் அவர் நிற்க அவள் முந்திப் போனாள். வங்கியை ஏன் விட்டாள் என்று அவர் கேட்டார். அங்கே ஒவ்வொரு நாளும் தலைவலியோடு எழும்பினேன், இங்கே அப்படி இல்லை என்று அவள் சொன்னாள். இதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்றார். நீங்கள் கேட்கவில்லையே என்றாள்.

பியர் உடம்பில் இறங்க இறங்க ஆட்களும் இறங்கினார்கள். றெஜினா மார்க்கத்தில் ஒரு வீட்டின் பின்வளவில், தக்காளிப் பாத்திக்குப் பக்கத்தில் கால் பதித்தாள். வீட்டுக்காரர் தோற்ற அணியின் ரசிகர். ஆனாலும் அவருடைய மனைவி வேரோனிக்கா ஒரு சுவெற்றரும் தேத்தண்ணியும் கொடுத்தார். அகஸ்ரின் வந்து தங்கச்சியின் தலையில் கை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு, அந்தப் பியரில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

இப்போது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் அவர் ஒரு கிளாஸ் குடிக்கிறார். கோல் விழுந்ததும் எழும்பி, இடுப்பில் கட்டிய கயிற்றை, ஆட்ட நாள்களில் இப்போது பியரைத் தொடாத றெஜினா கீழே பிடித்துக்கொள்ள, எதிரணியின் இடைவெளிகளை மேலிருந்து பார்த்துச் சொல்கிறார். மற்ற அணிகள் முறையிட்டன. பயிற்சியாளர் கோட்டுக்குள் நிற்கவேண்டும் என்றுதான் விதி, எவ்வளவு உயரத்தில் என்று இல்லை என நடுவர் தீர்த்துவிட்டார். ரசிகர்கள் ஜாக்கெற்றோடு வருகிறார்கள். கிழக்கிலிருந்து காற்று வீசும் நாள்களில், மேற்கே வோபர்னில் இருந்து வருகிற ரசிகர்கள் திரும்பிப் போவதற்குக் கார் கொண்டுவருவதில்லை.