சிவப்புத் துண்டு

சாரங்கபாணி மிராசுதார் வீட்டுப் பிள்ளை, தொழில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பாலிசி எடுக்கிறவர் எந்தத் தெருவானாலும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவான். அதற்காகவே அவன் தெருவில் பாதிப் பேர் அவனோடு பேசுவதில்லை. அவனுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. குடவாசல் பக்கம் கூலிப் போராட்டம் சூடுபிடித்திருந்த வருஷம். சுவரெல்லாம் உதயசூரியன், வயலெல்லாம் செங்கொடி. அந்தக் களேபரத்தில் சங்கத்து ஆள் செல்லதுரையின் வீட்டுக்கு அவன் சைக்கிள் விட்டதற்குக் காரணம் செல்லதுரையின் மனைவி அம்சம். வயிற்றில் பிள்ளை இருக்கிறது, வீட்டுக்காரர் பேரில் பாலிசி போட வேண்டும் என்று ஆள் மேல் ஆள் விட்டிருந்தாள்.

பாலிசி பாரத்தை நிரப்பும்போது வியாதிக் கேள்விகள் வந்தன. இருமல் உண்டா என்று கேட்டான். இல்லை என்று செல்லதுரை சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. தோளில் கிடந்த சங்கத்துச் சிவப்புத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். மடித்தபோது துண்டின் ஓரம் ஈரமாய்க் கறுத்திருந்தது. சாரங்கபாணியின் அண்ணனைக் கொண்டுபோன காசநோய் அது. பேனாவை மூடினான்.

"எங்க தெருவுக்கு எழுதக் கூடாதுன்னு உங்க மிராசுதார் பெரியப்பா சொல்லிட்டாருங்களா?" என்றான் செல்லதுரை.

பிள்ளைத்தாய்ச்சி முன்னால் என்னத்தைச் சொல்வது? சாரங்கபாணி அவனை மதகு வரை அழைத்துப் போனான். வியாதி தெரிந்தே எழுதினால் கம்பெனியை ஏமாற்றினவன் ஆவேன், நாளைக்கு அவர்கள் விசாரித்துக் கைவிரித்தால் அம்சத்தை ஏமாற்றினவனும் நானே என்றான். செல்லதுரை மதகிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் போயிட்டா அவளுக்கு ஏதாச்சும் இருக்கணும்னுதாங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன். போறத அப்புறம் பார்க்கலாம். இருக்கறதுக்கு வழி பண்ணுவோம், வாங்க."

மறுநாளே தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனான். அம்சத்திடம் வெளியூர் வேலை என்று சொல்லிவைத்தார்கள். மிராசுதார் வீட்டுப் பையன் பாலிசி எழுத மாட்டேன் என்றுவிட்டான் என்ற பேச்சு மட்டும் தெருவில் நின்றது. அவனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாக்குக் கொடுத்தவன் வாயைத் திறக்க முடியுமா? அம்சம் மட்டும் அவன் சைக்கிளைக் கண்டால் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். பாவம், விஷயம் தெரியாத பெண் என்று நினைத்துக்கொள்வான்.

குறுவை நடவின்போது ஆஸ்பத்திரிக்குப் போன செல்லதுரை ஏழெட்டு மாசம் கழித்துத் தாளடி அறுப்பின்போது திரும்பினான், கன்னத்தில் சதை வைத்து. அம்சம் மறுபடியும் ஆள் விட்டாள். அதே பாரம், அதே கேள்வி.

"இருந்துச்சு, இப்ப இல்ல. அப்படியே எழுதுங்க," என்ற செல்லதுரை, பிள்ளையோடு நின்ற மனைவியைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினான். கூட அனுப்ப வைத்திருந்த டாக்டர் கடிதத்தைப் பாரத்துக்கு அடியில் தள்ளிவிட்டு, வயசு என்ன என்று சாரங்கபாணி அவசரமாகப் பேச்சை மாற்றினான்.

"அந்தத் துண்டைத் துவைச்சவ நான்தாங்க," என்றாள் அம்சம். "ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா சங்கம், கூட்டம்னு நழுவுவாரு. நீங்க வந்தா வியாதியெல்லாம் கேப்பீங்கன்னு சொன்னாங்க. அதான் கூப்பிட்டேன். பாலிசிக்கு இல்ல."

செல்லதுரை தலையைக் குனிந்துகொண்டான். சாரங்கபாணிக்குக் கண் நிறைந்து பாரத்து எழுத்து மங்கியது. அம்சம் பிள்ளையைப் புருஷன் மடியில் விட்டாள்.

"இப்ப எழுதுங்க," என்றாள்.