இணையவழிக் கல்லூரிக்கு இடம் தேவை

இணையவழிக் கல்லூரி வீட்டுக்குக் குடிவந்தபோது அங்கயற்கண்ணி மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் அழைப்பு மணி கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஹாலில் பதிவாளர் நின்றுகொண்டிருந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தார். மரியாதை தெரிந்த மனிதர்.

"நீங்கதானே அங்கயற்கண்ணி? பி.ஏ., கடைசி செமஸ்டர்?"

"ஆமா சார்."

"நம்ம கல்லூரியில உங்களுக்கு இடம் கொடுத்தோம்ல?"

"கொடுத்தீங்க சார். சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"இப்ப உங்க இடம் எங்களுக்கு வேணும்."

பதிவாளர் பொறுமையாக விளக்கினார். மானியம் கொடுக்க அரசு தயார். ஆனால் கல்லூரி என்றால் அதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும். இணையத்தில் இருப்பதெல்லாம் இடம் ஆகாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

"மானியம் வரலைன்னா சார்?"

"மூடிருவோம். உங்க இடமும் போயிரும்."

அங்கயற்கண்ணி கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டாள். அவள் மதுரையில் ஒரு நர்சரி பள்ளியில் உதவியாளர். பட்டம் வாங்காவிட்டால் ஜூன் மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று தாளாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஜவுளிக்கடை வேலை போனதிலிருந்து கணவன் தெய்வேந்திரன் வீட்டில்தான் இருக்கிறான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. வகுப்புக்குப் பலமுறை வராமல் போனதற்குக் கல்லூரி ஏற்கெனவே எச்சரித்திருந்தது. இன்று மாலை வருகைப் பதிவில் பெயர் ஏறாவிட்டால் இடம் ரத்து.

"எடுத்துக்கங்க சார்" என்றாள்.

பதிவாளர் டேப்பை நீட்டி ஹாலை அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"கல்லூரிக்குப் பத்தாதே."

வீட்டுக்குக் கூச்சமாகிவிட்டது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த நடை நீள ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் கதவுகள் முளைத்தன. கிரைண்டரை அணைக்கக் கிளம்பிய அங்கயற்கண்ணி நடந்துகொண்டே இருந்தாள். வழியில் அறிவிப்புப் பலகை ஒன்றும் தண்ணீர்க் குழாய் ஒன்றும் இருந்தன. தண்ணீர் குடித்துவிட்டு மேலே நடந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது மாவு புளித்துப் பொங்கியிருந்தது.

திரும்பி வந்தால், தெய்வேந்திரன் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"கண்ணி, எனக்கு அட்டெண்டர் வேல போட்டுக் குடுத்துட்டாய்ங்க. பெர்மனென்டாம்!" அவன் கண் கலங்கியிருந்தது. "பென்ஷன்கூட உண்டாம் புள்ள."

கடைசிப் பொத்தானையும் போட்டான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"யாரும்மா நீங்க? யாரைப் பாக்கணும்?"

"ஏங்க, நான்தாங்க."

"வர்றவங்க எல்லாரும் நான்தான்னுதான் சொல்றாங்க. பேரைச் சொல்லுங்க."

பேரைச் சொன்னாள். அவன் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னான். அது அவள் அம்மா வீட்டிலிருந்து சீராக வந்த நாற்காலி.

நூலகத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. அலமாரி இருந்தது, புத்தகம் இல்லை. அந்த நேரம் பார்த்து மகள் நித்திலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். நாலாம் வகுப்பு. பதிவாளர் குனிந்து கேட்டார்.

"பாப்பா, உனக்கு என்ன தெரியும்?"

"பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தெரியும். ஒன்பது கோளும் தெரியும்."

"கோள் எட்டுதானே?"

"எங்க மிஸ்ஸுக்கு ஒன்பது."

"பரவாயில்லை, பழைய பதிப்பு" என்று பதிவாளர் அவளைத் தூக்கி அலமாரியில் வைத்தார். நெற்றியில் ஒரு சீட்டை ஒட்டினார். குறிப்புதவி நூல், வெளியே எடுத்துச் செல்ல அனுமதி இல்லை என்று அதில் அச்சிட்டிருந்தது.

"அம்மா, பசிக்குது. எறங்கவா?"

"சார், எப்ப இறக்கி விடுவீங்க?"

"புதிய பதிப்பு வந்ததும்."

அங்கயற்கண்ணி மகளைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். வகுப்புக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. "கொஞ்ச நேரம்டா கண்ணு" என்றாள்.

ஆய்வுக் குழு வந்து சேர்ந்தது. குழுவில் மூன்று பேர். மூவரும் ஒரே சட்டை போட்டிருந்தார்கள். பெரிய சட்டைதான், ஆனாலும் வாசலில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் நுழைய முடிந்தது. தெய்வேந்திரன் டீ கொடுத்தான். ஒருவர் குடித்தார், இன்னொருவர் ஏப்பம் விட்டார். நடுவில் இருந்தவர்தான் தலைவர். அவர் நடையைப் பார்த்தார், நூலகத்தைப் புரட்டினார். நித்திலா எட்டாம் வாய்ப்பாட்டில் திறந்துகொண்டாள்.

"திருப்தி" என்றார் தலைவர். பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பினார். "இந்தம்மா யாரு?"

"நம்ம மாணவி சார்" என்றார் பதிவாளர் பெருமையாக.

மூன்று முகங்களும் ஒன்றாகச் சுருங்கின.

"மாணவி உள்ள இருந்தா இது சாதாரணக் கல்லூரி ஆயிருமே. மானியம் இணையவழிக் கல்லூரிக்குத்தானே?"

"சார், இது என் வீடு சார்" என்று எழுந்து நின்றாள் அங்கயற்கண்ணி.

"அதுதாம்மா பிரச்சினையே."

"நான் எங்க சார் போவேன்?"

"எங்க வேணா போங்க. எங்க இருந்து வேணா படிக்கலாம். அதுதானே இதுல வசதி? இங்க மட்டும் கூடாது."

தெய்வேந்திரன் அவளை வெளியே கூட்டிப்போனான். பிடித்துத் தள்ளவில்லை. "பாத்து எறங்குங்கம்மா, படி ஒடஞ்சிருக்கு" என்றான். அந்தப் படியைச் சரிசெய்யச் சொல்லி அவள் அவனோடு போடாத சண்டை இல்லை. கதவு சாத்தப்பட்டது.

எதிர்வீட்டு ஜெயக்கொடி துணி மடித்தபடி வாசலுக்கு வந்தாள்.

"என்னடி, ஒன் வீடு காலேஜ் ஆயிருச்சாமே?"

"ஆமாக்கா."

"எங்க வீட்டையும் எடுத்துக்கிருவாய்ங்களா?"

"நீங்க எதுவும் படிக்கிறீங்களாக்கா?"

"நானா? ஏழாப்போட நின்னுட்டேன்."

"அப்ப எடுக்க மாட்டாங்க."

"நல்லவேளைடியம்மா" என்று ஜெயக்கொடி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

போனில் சிக்னல் இல்லை. தெருமுனை வரை போய்ப் பார்த்தாள். இல்லை. அவள் போன் அவள் வீட்டு வைஃபையைத் தவிர வேறு எதையும் அறியாது. திரும்பி வந்து ஹால் ஜன்னலுக்குக் கீழே, சாக்கடை ஓரமாக ஒண்டி நின்றாள். வகுப்பு திறந்தது.

பேராசிரியர் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். போனில் ஒலித்த குரல் ஜன்னல் வழியாகவும் ஒலித்தது. ஹாலில் பெரிய ஒலிபெருக்கி வைத்துவிட்டார்கள் போலும். கூடலூரிலிருந்து ஒருத்தி, அறந்தாங்கியிலிருந்து ஒருவன் என்று ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள்.

"அங்கயற்கண்ணி!"

பதில் சொன்னால் குரல் வீட்டுக்குள் கேட்கும். சொல்லாவிட்டால் இடம் போய்விடும்.

"அங்கயற்கண்ணி இருக்கீங்களா, இல்லையா?"

"உள்ளேன் ஐயா" என்றாள்.

பெயர் பதிவானது. அடுத்த நொடி, வீட்டுக்குள் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

"உள்ளேன்னு யாரோ சொல்றாங்க!" இது குழுத் தலைவர். "மாணவி உள்ளதான் இருக்கா! மானியத்துல கையெழுத்துப் போட முடியாது!"

"தெய்வேந்திரா, தேடுய்யா!" இது பதிவாளர்.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அங்கயற்கண்ணி கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். தெய்வேந்திரன் கதவு கதவாகத் திறந்துகொண்டிருந்தான். அந்தக் குரலை மட்டும் அவனுக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

"கண்ணி! ஏ கண்ணி! எங்க புள்ள இருக்க?"

நித்திலாவும் அலமாரியிலிருந்து குதித்துவிட்டாள். நெற்றிச் சீட்டு பாதி கிழிந்து தொங்கியது.

"அம்மா! எங்கம்மா இருக்க?"

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மகள் நின்றாள். இங்கே இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை போனிலும் போகும், உள்ளே என்று சொன்னது பொய்யாகும், ஏறிய பெயர் இறங்கிவிடும்.

பேராசிரியர் பாடத்தை நிறுத்தினார்.

"அங்கயற்கண்ணி, உங்க பக்கம் ஒரே சத்தமா இருக்கு. வீட்டுல உங்களை யாரோ கூப்பிடறாங்க. மைக்கை அணைச்சு வைங்க."

அணைத்தாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பற்றினாள்.

"நித்திலா! இங்க இருக்கேன்டா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

மைக் அணைந்திருந்தது. உள்ளே நித்திலா மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.