எதிர்வீட்டு வாக்கு

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. மாநிலத் தமிழ்ச் சங்க மலருக்கு “அமெரிக்கத் தேர்தலில் வாக்களிப்பதன் முக்கியத்துவம்” என்று இரண்டு பக்கம் கேட்டார்கள். நானும் முந்திக்கொண்டு சரி என்றுவிட்டேன்.

முதல் வரி: “ஜனநாயகத்தின் ஆணிவேர்...” எழுதி, அடித்துவிட்டேன். இரண்டாவது: “முன்னோர் ரத்தம் சிந்திப் பெற்ற...” இதுவும் போயிற்று. யாருடைய முன்னோர் என்று நானே திகைத்து நின்றதுதான் காரணம். மூன்றாவதாக, “ஓர்லின் உள்ளே வந்தபோது மணி ஒன்று ஐம்பது” என்று எழுதினேன். அதை அடிக்க மனம் வரவில்லை.

ஆகவே, கட்டுரை இல்லை. மலர்க்குழுவினர் மன்னிக்க.

2

மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில், பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை உள்ள சிற்றூர் எங்களுடையது. குடியுரிமை கிடைத்த வருஷத்திலிருந்தே ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச்சாவடியில் வேலை பார்க்கிறேன். சாவடி என்றால் லுத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளம். ஓர்லின் வந்த அன்று என் மேசை, தேர்தல் நாளிலேயே வந்து வாக்காளராகப் பெயர் பதிபவர்களுக்கானது.

ஓர்லின் க்ரூகருக்கு நாற்பத்தொரு வயது. ஆலையில் மூன்று மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ட். வந்து நின்றதும், கேட்காமலே, “எனக்கு இதுதான் முதல் தடவை” என்றார். இருபது வயதில் குடித்துவிட்டு, வேலையை விட்டு நிறுத்திய முதலாளியின் காலிக் களஞ்சியத்துக்குத் தீ வைத்தவர். ஓராண்டு சிறை, அதன்பின் கண்காணிப்பு, நீண்ட கண்காணிப்பு. அது முடியும்வரை ஓட்டு இல்லை என்றிருந்தது. பிறகு, சிறையை விட்டு வெளியே வந்தாலே ஓட்டு உண்டு என்று சட்டம் மாறியது. இதையெல்லாம் மளிகைப் பட்டியல் வாசிப்பதுபோல் சொன்னார்.

(இந்த இடத்தில் அவரைக் கொஞ்சம் அழ வைத்திருந்தேன். அவர் அழவில்லை. சட்டையை மட்டும் இஸ்திரி போட்டு வந்திருந்தார், ஆலைக்குப் போகிற சட்டையை. அழுகையை அடித்துவிட்டு, இஸ்திரியை வைத்துக்கொண்டேன்.)

சிக்கல் முகவரியில் வந்தது. அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் பழைய ஊர். இப்போதைய வாடகை வீட்டில் கரண்ட், தண்ணீர் எல்லாம் வீட்டுக்காரர் பெயரில். கையில் ஒரு காகிதமும் இல்லை.

ஒரு வழி உண்டு என்றேன். இதே வட்டாரத்து வாக்காளர் ஒருவர், “இவர் இங்கேதான் குடியிருக்கிறார், எனக்குத் தெரியும்” என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டால் போதும்.

ஓர்லின் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்று. பார்த்ததும், சரி, நான் கிளம்பறேன் என்று தொப்பியை எடுத்துக்கொண்டார்.

3

அந்த முகம் மார்லிஸ் ஹாகன். அறுபத்தாறு வயது, தபால் பட்டுவாடாவிலிருந்து ஓய்வு பெற்றவர், ஓர்லினின் எதிர்வீடு. இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் பனி. ஓர்லின் தன் வாசலை இயந்திரத்தால் சுத்தம் செய்தால், பனியெல்லாம் பறந்து மார்லிஸ் வாசலில் விழும். போதாததற்கு, இந்த இலையுதிர்காலத்தில் இரு வீட்டுப் புல்வெளியிலும் எதிரெதிர்க் கட்சி வேட்பாளர் பலகைகள், ஒன்றையொன்று முறைத்தபடி.

(மார்லிஸை நல்லவராக எழுதுவதா, கடுப்பானவராகவா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கும் அவரைப் பிடிக்காது. நூலக வாகன நிறுத்தத்தில் ஒருமுறை என்னை...* விடுங்கள்.)

நான் எழுந்து போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தான் கையெழுத்துப் போடவில்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டார். ஓர்லின் போய் ஏதாவது அத்தாட்சி தேட வேண்டும், ஷிஃப்டுக்குள் கிடைக்காது என்றேன்.

மார்லிஸ் மேசைக்கு வந்தார். ஓர்லினை நிமிர்ந்து பார்க்கவில்லை; படிவத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். ஓர்லினுக்குத்தான் பொறுக்கவில்லை.

“நான் யாருக்குப் போடுவேன்னு உங்களுக்கே தெரியும், மிசஸ் ஹாகன். அப்புறம் சொல்லலேன்னு வருத்தப்படாதீங்க.”

“தெரியும்ப்பா. என் ஓட்டும் உன் ஓட்டும் சரிக்குச் சரியாப் போயிடும். அதுக்காக நீ எதிர்வீட்ல இல்லேன்னு சொல்ல முடியுமா? ரெண்டு வருஷமா உன் பனியெல்லாம் என் வாசல்லதானே கிடக்கு.”

இங்கே கட்சிப் பேச்சு கூடாது என்று சொல்ல வேண்டியது என் கடமை. சொன்னேன். சொல்லும்போதே சிரித்துவிட்டதால் அது செல்லுமா என்று தெரியவில்லை.

மார்லிஸ் கையை உயர்த்திச் சத்தியம் செய்து, தபால்காரர் கையெழுத்தில், அச்சடித்தாற்போல் தன் பெயரை எழுதினார்.

* தவறு என்னுடையதுதான். இரண்டு கார் நிற்கும் இடத்தை அடைத்து என் காரை நிறுத்தியிருந்தேன்.

4

முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. அதே சீட்டில் ஓட்டுக்கு விட்டிருந்த பள்ளிக்கூடக் கூரைக்கான தீர்மானம் ஒரே ஒரு ஓட்டில் ஜெயிக்கிறது. அது ஓர்லினின் ஓட்டு. கதைக்கு எவ்வளவு வசதி! ஆனால் அது முந்நூற்றுச் சொச்சம் வித்தியாசத்தில் ஜெயித்தது. அவர்கள் இருவரும் வராமலே இருந்தாலும் ஜெயித்திருக்கும்.

ஆ. இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

இ. நடந்தது. ஓர்லின் மறைப்புக்குள் பதினெட்டு நிமிஷம் நின்றார். மண், நீர்ப் பாதுகாப்பு வாரியத்துக்கு நின்றவர்களைக்கூட ஒருவர் விடாமல் படித்திருக்கிறார். சீட்டை இயந்திரத்தில் நுழைத்தார். அது விழுங்கியது, அதுவரை விழுந்த ஓட்டுகளைக் காட்டும் திரையில் 610 போய் 611 வந்தது.

“அவ்வளவுதானா?” என்று கேட்டார்.

“அவ்வளவுதான்” என்றார் தன் சீட்டோடு பின்னால் நின்ற மார்லிஸ். “நல்லாப் பாத்துக்கோ. அந்த நம்பர் உன்னோடது, யாரும் கழிக்க முடியாது. இப்ப கொஞ்சம் நகரு, 612 நான்.”

ஓர்லின் நகர்ந்தார். ஆனால் போகவில்லை. சுவரோரம் நின்று, மார்லிஸின் எண் விழும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு எதிரான ஓட்டு விழுவதை முகமெல்லாம் சிரிப்பாக ஒரு மனிதர் பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன்.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்பீர்கள். எழுத மாட்டேன். 613-ஆக வந்தவரைப் பற்றியும் எழுதவில்லை. அந்த வரியை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். பேனா மேசைமேல்தான் இருக்கிறது. எட்டு மணிவரை திறந்திருப்போம்.