முன்பு இருந்த அவரை ஏன் காலி செய்தது

அந்தக் காலனியில் கொடி வேண்டுமென்றால் யாரும் போய் வாங்குவதில்லை. கொடிதான் வந்து இடம் பார்க்கும். தட்டியை ஆட்டிப் பார்க்கும். தொட்டி மண்ணைக் கிள்ளிப் பார்க்கும். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று கேட்கும். பிடித்திருந்தால் மறுநாளே இலைதழையோடு வந்து ஏறிவிடும். பிடிக்காவிட்டால் "வீட்டில் கலந்து பேசிச் சொல்றோம்" என்று கிளம்பும். அப்படிக் கிளம்பிய எதுவும் திரும்பி வந்ததில்லை.

தணிகாசலத்துக்கு இந்த இழவெல்லாம் ஆகாது. முப்பத்து நான்கு வருடம் மின்கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். ஏறு என்றால் ஏற வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கம்பத்தையும் அவர் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை.

ஆனால் அவசரம். மனைவி கமலவேணிக்கு வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன். ஒரு மாதம் கண்ணில் வெயில் படக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீடோ மேற்குப் பார்த்த வீடு. மாலை வெயில் மூன்று மணிக்கு வரும். நேரே கூடத்துக்குள் நடந்து கமலவேணியின் நாற்காலியில் உட்காரும். ஆறேகாலுக்குத்தான் எழுந்திருக்கும். கதவைச் சாத்தினால் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கும். எத்தனை நாள் தட்டவிடுவது? வழியில் கொடி ஒன்று அடர்ந்து நின்றால் மட்டும் மரியாதையாகத் திரும்பிவிடும். அதற்காகத்தான் வாசலில் மூங்கில் தட்டி, அதன் காலடியில் மூன்று சிமெண்ட் தொட்டி.

திங்கட்கிழமை காலையிலேயே தரகர் இருதயராஜ் மல்லியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மல்லி தட்டியைப் பார்க்கவே இல்லை.

"வீட்ல பூ யார் வைப்பாங்க?"

"என் சம்சாரம்."

"எத்தனை முழம்?"

"முடி இருக்கிற அளவுக்கு."

மல்லிக்கு முகம் சுருங்கிவிட்டது. உள்ளே கமலவேணி சிரிக்கிற சத்தம் கேட்டது. "போதும், சிரிக்காதே," என்றார் தணிகாசலம். மல்லி போகிற போக்கில் ஒன்று கேட்டது: "முன்னாடி இங்க இருந்த அவரைக்கொடி ஏன் காலி பண்ணுச்சு?"

"அதுக்கு வாய்க்கொழுப்பு."

மல்லி ஆட்டோவில் ஏறிவிட்டது.

மத்தியானம் பீர்க்கு வந்தது. தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து பார்த்தது.

"சின்னதா இருக்கே சார். காய்ப்பு காலத்துல காலை நீட்டணும்."

"இதுல எருமையே குளிக்கலாம்!"

"எருமை காய்க்காதே," என்றது பீர்க்கு. பிறகு அதுவும் அவரையைப் பற்றிக் கேட்டது. அதுவும் போனது.

செவ்வாய்க்கிழமை சங்குப்பூ. வாசலிலேயே நின்று அவரையைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுப் போனது. பின்னாலேயே பிரண்டை வந்தது. அதற்கு எல்லாம் சம்மதம். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஒரு கேள்வியும் கிடையாது. ஆனால் இலை எங்கே? முழத்துக்கு ஒன்று தேறாது. வெயில் சட்டை கசங்காமல் உள்ளே நுழைந்துவிடும். தணிகாசலமே "கலந்து பேசிச் சொல்றோம்" என்று அனுப்பிவைத்தார்.

"சார், விஷயத்தைச் சொல்லிடறேன்," என்றார் இருதயராஜ். "அந்த அவரை இப்ப ரேஷன் கடைச் சுவர்ல இருக்கு. போற வர்ற கொடிகிட்டல்லாம் உங்களப் பத்திச் சொல்லுது. நேர்ல போய் அதுகிட்ட நல்ல வார்த்தை ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க. இல்லேன்னா எனக்கும் பேரு கெடுது."

"நான் போய் அவரைக்கொடி முன்னாடி நிக்கணுமா?"

"போயிட்டுதான் வாங்களேன்," உள்ளேயிருந்து கமலவேணி. "கம்பம்னா இந்நேரம் ஓடியிருப்பீங்க."

புதன்கிழமை போனார். அவரை சுவர் முழுக்கப் படர்ந்து பூத்திருந்தது. கழுத்தில் மட்டும் மூன்று இடத்தில் கன்றிய தடம். தணிகாசலத்துக்கு அந்தத் தடங்கள் தெரியும். கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, கட்டிங் பிளேயரால் முறுக்கியது அவர் கைதான்.

"வாங்க பெரியவரே," என்றது அவரை. "பிளேயர் கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லை."

"சட்டையைத் தூக்கிக் காட்டுங்க."

காட்டினார். ரேஷன் வரிசையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள்.

"எதுக்கு அப்படி முறுக்குனீங்க?"

"தொங்கினா விழும். விழுந்தா ஊரே இருட்டாயிடும்."

"நான் என்ன கரண்டா கொண்டுபோனேன்? ரெண்டு காய் கொண்டுபோனேன்."

தணிகாசலம் சுவரைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை அவளுக்கு ஆபரேஷன்," என்றார். சட்டையை இறக்கி விட்டுக்கொண்டு, "சணல்ல கட்டியிருக்கணும்."

"இதுதான் மன்னிப்பா?"

"எனக்கு இவ்வளவுதான் வரும்."

அவரை யோசித்தது. "அந்த அம்மா அரிசி கழுவுன தண்ணிய ஊத்துவாங்க," என்றது. "நான் திரும்பி வர மாட்டேன். இங்க எனக்கு நல்லாருக்கு. ஆனா இனிமே கேக்குறவங்ககிட்ட நல்லவிதமா சொல்றேன்."

"எப்பலேர்ந்து?"

"நாளைலேர்ந்து."

"இன்னிக்கே சொன்னா என்ன கேடு?"

அவரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. திரும்பும் வழியில் தணிகாசலம் ஒரு உருண்டை சணல் வாங்கினார்.

வியாழக்கிழமை ஒரு கொடியும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் முடிந்து, கண்ணில் பச்சைத் துணியோடு கமலவேணி மத்தியானத்துக்குள் வீடு வந்துவிட்டாள். வந்ததும் தடவித் தடவித் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உள் அறைக்குப் போ என்றால் கேட்கவில்லை. "இது என் நாற்காலிங்க," என்றாள்.

இரண்டே முக்காலுக்குத் தணிகாசலம் போர்வை ஒன்றைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்து வாசற்படியில் நின்றார். ஆறேகால் வரை நிற்பதாக உத்தேசம். ஐந்து நிமிடத்தில் தோள் நடுங்கியது. கம்பம் ஏறிய தோள் இப்போது எங்கே இருக்கிறது?

மூன்றடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது இருதயராஜின் மொபெட் வந்து நின்றது. பின்னால் மாலை வெயில் உட்கார்ந்திருந்தது.

"சார், இவருக்கும் இடம் வேணுமாம். அவரை ரொம்ப நல்லவிதமா சொல்லுச்சாம்."

வெயில் இறங்கியது. தட்டியை ஆட்டிப் பார்த்தது. தொட்டி மண்ணைக் கிள்ளிப் பார்த்தது.

"தண்ணி எப்படி?"

"தினமும்."

"முன்னாடி இருந்த அவரை ஏன் காலி பண்ணுச்சு?"

தணிகாசலம் போர்வையை இறக்கினார். "கம்பியில கட்டினேன். தப்பு என்னுது."

வெயில் தலையாட்டியது.

"ஒரு கண்டிஷன்," என்றார் தணிகாசலம். "குடியிருக்கிறவங்க கூடத்துக்குள்ள வரக் கூடாது."

"எதுக்கு வர்றேன்? இடம் இல்லாமத்தானே இத்தனை வருஷம் உள்ள வந்து உக்காந்தேன்."

தொட்டிக்குள் கால் வைத்து வெயில் தட்டியில் ஏறியது. அடர்த்தியாக, இடைவெளி இல்லாமல் படர்ந்தது. கூடம் கிணற்றடி மாதிரிக் குளிர்ந்தது.

"என்ன கொடிங்க?" என்றாள் கமலவேணி.

"கொடி இல்லை. வெயில்."

"அரிசி கழுவுன தண்ணி அடுப்படியில இருக்கு. எடுத்து ஊத்துங்க."

ஊற்றினார். ஐந்து மணிக்குக் காற்றடித்து வெயில் ஒரு பக்கமாகச் சரிந்தது. தணிகாசலம் சணலை எடுத்து இரண்டு இடத்தில் கட்டினார். விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் கட்டினார்.

"தொட்டிதான் கொஞ்சம் சின்னது," என்றது வெயில்.

"வாயை மூடு," என்றார் தணிகாசலம்.

ஆறேகால் ஆயிற்று. வெயில் எழுந்திருக்கவில்லை. குடிவந்தவர் எதற்கு எழுந்து போக வேண்டும்? எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள். தட்டியைப் பார்த்தார்கள். விளக்கை அணைத்துவிட்டார்கள்.